கொழும்பில் காரையும் திறப்பையும் கள்ளரிடமிருந்து காப்பது எப்படி?

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், தொடர்மாடியின் நான்காம் மாடியில் குடியிருக்கிறீர்கள். கார் ஜப்பானில் ஓடி வந்த 2014 டொயோட்டா அக்குவா, ஸ்மார்ட் கீ உள்ளது. கீழே இடம் கிடைக்காத இரவுகளில் ஒழுங்கையிலேயே நிறுத்துகிறீர்கள். அயல் வீட்டுக் காரின் இரண்டு சைட் மிரரும் கழற்றப்பட்டுவிட்டன. வீட்டுக்குள் இருக்கும் திறப்பின் சிக்னலை வெளியில் நின்றே பிடித்துக் காரைக் கொண்டுபோகிறார்கள் என்று ஒரு வீடியோவும் பார்த்திருக்கிறீர்கள். சிக்னலைத் தடுக்கும் பை ஒன்று வாங்கினால் போதுமா என்று கேட்கிறீர்கள்.

பையை வாங்குங்கள், நட்டமில்லை. ஆனால் அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நான் வாகன வயரிங்கும் திறப்பு ப்ரோகிராமிங்கும் செய்பவன். கார் போய்விட்டது என்று வருபவர்களிடம் நடந்ததைக் கேட்டால், திறப்பு எங்கோ ஒருவரின் கையில் கேள்வியில்லாமல் போய் வந்திருக்கும், இல்லாவிட்டால் கார் ஸ்டார்ட்டில் நின்றிருக்கும். மற்றவர்களுக்குக் கார் அப்படியே நிற்கும், அதன் உறுப்புகள்தான் போயிருக்கும். சிக்னல் கள்ளனைப் பற்றி யோசிக்கும் நேரத்தில் பாதியையாவது இந்தச் சாதாரண வழிகளுக்குக் கொடுங்கள்.

முதலில் அந்த வீடியோ விஷயத்தை முடித்துவிடுவோம். ஸ்மார்ட் கீ உள்ள கார் தன் கதவுக்குப் பக்கத்தில் மட்டும் எட்டக்கூடிய மெல்லிய சிக்னல் ஒன்றை அனுப்புகிறது. திறப்பு பக்கத்தில் இருந்தால் அதைக் கேட்டு விழித்துப் பதில் சொல்லும், கதவு திறக்கும். கள்ளர்கள் இருவராக வருவார்கள். ஒருவர் காருக்குப் பக்கத்திலும் மற்றவர் உங்கள் வீட்டுக் கதவுக்குப் பக்கத்திலும் கருவியோடு நின்று, இந்தப் பேச்சைத் தூரத்துக்குக் கடத்திவிடுவார்கள். திறப்பு தன் பக்கத்தில் இருப்பதாகக் கார் நம்பிவிடும். இது கட்டுக்கதை இல்லை. சூரிச்சில் உள்ள ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 8 நிறுவனங்களின் 10 கார் மாடல்களை இப்படிச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். பத்துமே ஏமாந்தன. இந்த முறையில் திறப்பின் பிரதி எதுவும் உருவாவதில்லை. ஸ்டார்ட் ஆன வண்டி, திறப்பு தொலைவில் போனாலும் எச்சரிக்கை ஒலி எழுப்பிக்கொண்டு ஓடும், நடுவழியில் தானாக நிற்காது. ஒருமுறை நிறுத்தினால்தான் மறுபடி ஸ்டார்ட் பண்ணத் திறப்பு வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டை யோசியுங்கள். அந்தக் கருவி திறப்புக்குச் சில மீட்டர் தூரத்துக்குள்ளாவது வர வேண்டும். நான்காம் மாடியில் அறைக்குள் கிடக்கும் திறப்புக்காக, செக்கியூரிட்டியைத் தாண்டி, படியேறி, உங்கள் வாசலில் பெட்டியோடு நிற்கும் கள்ளனை நான் அவ்வளவாக எதிர்பார்க்கவில்லை. தெஹிவளையிலோ நுகேகொடையிலோ தனி வீட்டில், போர்ட்டிகோவில் காரை விட்டு, முன் கதவுக்குப் பக்கத்து ஆணியில் திறப்பைத் தொங்கவிடுபவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும். அவர்கள் செய்ய வேண்டிய முதல் காரியத்துக்குக் காசே தேவையில்லை: திறப்பை வாசலிலிருந்து எடுத்து வீட்டின் நடு அறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டொயோட்டா வைத்திருப்பவர்களுக்கு இன்னுமொரு இலவச வழி இருக்கிறது. நிறைய ஸ்மார்ட் கீகளில் பற்றரியைச் சேமிப்பதற்கென்று ஒரு நிலை உண்டு. பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, திறக்கும் பொத்தானை இரண்டு தரம் அழுத்துங்கள். திறப்பில் உள்ள சின்ன விளக்கு நான்கு தரம் மின்னினால், திறப்பு தூங்கிவிட்டது. அதன் பிறகு எந்தச் சிக்னலுக்கும் அது பதில் சொல்லாது. காலையில் ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தினால் விழித்துவிடும். உங்கள் அக்குவாவின் திறப்பில் இது இருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். தூங்க வைத்த திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கதவுக் கைப்பிடியைத் தொட்டால் கதவு திறக்கக்கூடாது. பையையும் இதே மாதிரிச் சோதித்துவிட்டு நம்புங்கள். புறக்கோட்டையில் வாங்கும் மலிவான பைகளில் சில முதல் நாளே வேலை செய்யாது, சில மடிப்பு தேய்ந்ததும் கைவிட்டுவிடும். மூடி இறுக்கமாகப் பொருந்தும் பழைய பிஸ்கட் டின்னும் பல வேளைகளில் போதும். அதையும் சோதிக்க வேண்டும். இரண்டாவது திறப்பையும் மறக்காதீர்கள். அலுமாரிக்குள் கிடக்கும் அந்தத் திறப்பும் இரவு பகலாகப் பதில் சொல்லக் காத்துக்கொண்டுதான் இருக்கிறது.

திறப்பையே தேடாத கள்ளர்களும் இருக்கிறார்கள். 2022இல் லண்டனில், கார்களின் கணினிப் பாதுகாப்பை ஆராயும் இயன் டேபரின் டொயோட்டா ராவ்4 வண்டியே அப்படித்தான் போனது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் உள்ள வயரில் கருவியைச் செருகி, சரியான திறப்பு பக்கத்தில் இருக்கிறது என்று காரின் உள் வலையமைப்புக்கே பொய் சொல்லிவிட்டார்கள். அந்த முறைக்கு எந்தப் பையும் உதவாது. உங்கள் பம்பரோ ஹெட்லைட்டோ காரணமில்லாமல் ஒரு பக்கம் கழன்றிருந்தால், யாரோ தட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று விடாமல் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் இரும்புப் பூட்டை நான் இன்னும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதும் இதனால்தான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இனித் திறப்பு. ஜப்பானிலிருந்து பாவித்த நிலையில் வந்த கார்களில் பல ஒரே ஒரு திறப்போடு கைமாறுகின்றன. இரண்டாவது எங்கே என்று கேட்டால், "ஏலத்திலேயே ஒன்றுதான் வந்தது" என்பார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இங்கே இறங்கிய பிறகு இரண்டு மூன்று பேரின் கை மாறியிருந்தால், யாரோ ஒரு பழைய சொந்தக்காரரின் வீட்டு லாச்சியில் உங்கள் காரைத் திறந்து ஓட்டிக்கொண்டு போகக்கூடிய திறப்பு ஒன்று கிடக்கலாம். அவர் நல்லவராக இருக்கலாம், அவருடைய டிரைவரை உங்களுக்குத் தெரியாது. ஆகவே பழைய கார் வாங்கியவுடன், என்ஜின் ஒயில் மாற்றுவதற்கு முன்னமே, திறப்பு ப்ரோகிராம் செய்பவரிடம் போங்கள். ஸ்கேனரைப் போட்டால், காரின் நினைவில் எத்தனை திறப்புகள் பதிவாகியிருக்கின்றன என்பதைப் பல மாடல்களில் பார்க்கலாம். உங்கள் கையில் ஒன்று இருக்க அங்கே மூன்று இருந்தால், இல்லாதவற்றை அழித்துவிடச் சொல்லுங்கள். இருக்கும் திறப்புகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். வேலை முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். திறப்பையும் காரையும் விட்டுவிட்டுச் சாப்பிடப் போக வேண்டாம். முடிந்ததும் பதிவான எண்ணிக்கையைத் திரையில் காட்டச் சொல்லி, பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. கணினியில் அழித்தால் அந்தத் திறப்பால் காரை ஸ்டார்ட் பண்ண முடியாது. ஆனால் ஸ்மார்ட் கீக்குள் ஒளிந்திருக்கும் சின்ன இரும்புத் திறப்பு, டிரைவர் பக்கக் கதவை அப்போதும் திறக்கும். பூட்டின் உருளையை மாற்றினால் ஒழிய அது மாறாது. எனவே தொலைந்த திறப்பை அழித்த பிறகும் காருக்குள் எதையும் வைக்காதீர்கள். புதுத் திறப்போடு வரும் இலக்கம் பொறித்த சின்ன உலோகத் தகடு இருந்தால் அதை வீட்டில் பத்திரமாக வையுங்கள். சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டு திரிந்தால், அந்த இலக்கத்தை வைத்தே திறப்பு வெட்டலாம். புதுக் கார் வாங்கிய சந்தோஷத்தில் திறப்பைக் கையில் ஏந்திப் படம் எடுத்துப் போடுவதும் இதே ஆபத்துதான்.

100ஆம் இலக்க பஸ்ஸிலோ கோயில் கூட்டத்திலோ திறப்பு தொலைந்தால், தேடிக் கிடைக்கும் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். முதல் இரவே காரை வழக்கமான இடத்தில் விடாமல், பூட்டிய கேற்றுக்குள் வேறெங்காவது விடுங்கள். அடுத்த நாளே அழிக்கும் வேலையைச் செய்துவிடுங்கள். திறப்போடு ஹேண்ட்பேக்கும் போயிருந்தால் இன்னும் அவசரம், ஏனென்றால் அடையாள அட்டையில் உங்கள் விலாசம் இருக்கிறது. வீட்டுப் பூட்டையும் அன்றைக்கே பாருங்கள்.

சேர்விஸ் ஸ்டேஷன், கார் வாஷ், கராஜ், கல்யாண மண்டபத்தில் கார் பார்க் பண்ணித் தரும் பையன். இத்தனை பேரிடம் நாம் திறப்பைக் கொடுக்கிறோம். இவர்களில் மிகப் பெரும்பாலானோர் உழைத்துச் சாப்பிடுபவர்கள். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், அவர்களைக் கள்ளராகப் பார்க்கச் சொல்லவில்லை. ஆனால் கார்த் திறப்பை வீட்டுத் திறப்போடும் அலுவலகத் திறப்போடும் ஒரே வளையத்தில் கொடுத்து, காருக்குள் விலாசம் எழுதிய கடிதங்களையும் விட்டு, "அஞ்சு மணிக்கு வாறேன்" என்று சொல்லிப் போவது சரியில்லை. கொக்கி மாதிரிக் கழற்றக்கூடிய வளையம் போடுங்கள், கார்த் திறப்பை மட்டும் கொடுங்கள். கேற் ரிமோட்டைக் காரிலிருந்து எடுத்துவிடுங்கள். திருப்பி வாங்கும்போது அது உங்கள் திறப்புத்தானா என்று ஒரு பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இதே கவனம் காரை விற்கும்போது இன்னும் கூடுதலாக வேண்டும். விளம்பரம் பார்த்து வருபவர் நன்றாக உடுத்திருப்பார், குடும்பத்தோடுகூட வருவார். ஓடிப் பார்க்கும்போது நீங்களும் ஏறுங்கள், உங்களோடு இன்னொருவரும் ஏறட்டும். நடுவில் "பின்னால டயர் சத்தம், இறங்கிப் பாருங்கோ" என்றால் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்குங்கள். திறப்பை அவர் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கினால் காரைப் பூட்டித் திறந்து பாருங்கள், ஒரே மாதிரி இருக்கும் வேறு திறப்பை மாற்றிக் கொடுத்துவிடலாம்.

காரை வாடகைக்கு விடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. போலி அடையாள அட்டையில் சில நாட்களுக்கு என்று எடுத்துக்கொண்டுபோய், போலிப் பத்திரம் தயாரித்து அடகு வைப்பதும் விற்பதும் இந்த நாட்டில் பழைய தொழில். அங்கே பூட்டு, அலாரம் எதற்கும் வேலையில்லை, திறப்பைக் கொடுத்ததே நாங்கள்தான். சொந்தப் பாவனைக்கென்று எடுத்த காப்புறுதியில் வாடகைக்கு விட்ட காருக்கு இழப்பீடு கேட்டால் கம்பனி மறுக்க இடமுண்டு. சொந்தக்காரர், தெரிந்தவர் என்று மாதக் கணக்கில் கொடுப்பதற்கு முன் உங்கள் பத்திரத்தை எடுத்து அந்தப் பகுதியை வாசியுங்கள்.

பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட் கார்களில் எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம் ஒன்று உண்டு. அக்குவாவும் ப்ரியஸும் நிற்கும்போது சத்தம் போடாது. பிள்ளையை இறக்க, ஒரு பாண் வாங்க, பாமசியில் ஒரு மருந்து எடுக்க என்று இறங்குகிறோம். ஏசி போய்விடும் என்று ஸ்டார்ட்டிலேயே விடுபவர்களும் உண்டு, நிறுத்திவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு இறங்குபவர்களும் உண்டு. திறப்பு உங்கள் சட்டைப் பையில் இருக்கும். அந்தக் காரில் யார் ஏறியும் கியரைப் போட்டு ஓட்டிக்கொண்டு போகலாம். மேலே சொன்ன மாதிரி, அது ஓடிக்கொண்டே இருக்கும். பின் சீற்றில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தால் என்ன நடக்கும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. மீற்றரில் ரெடி என்ற எழுத்து அணைந்ததைக் கண்ணால் பார்க்காமல் இறங்கவே வேண்டாம்.

பூட்டிய பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்க்கும் பழைய பழக்கம் ஸ்மார்ட் கீ காருக்குச் சரிவராது. திறப்பு உங்களிடம் இருப்பதால் நீங்கள் இழுத்தாலே திறந்துவிடும். ரிமோட்டின் சிக்னலைக் குழப்பி, கார் பூட்டுப்படாமல் செய்யும் கருவிகள் இருக்கின்றன. ஆகவே இண்டிகேட்டர் மின்னியதா, பூட்டு விழும் சத்தம் கேட்டதா, தானாக மடங்கும் மிரர் என்றால் மடங்கியதா என்று நின்று பார்த்துவிட்டு நடங்கள். சந்தேகமாக இருந்தால் கதவில் உள்ள பொத்தானால் பூட்டி, கண்ணாடி வழியாக உள்ளே எட்டிப் பாருங்கள்.

இப்போது உங்கள் ஒழுங்கையில் உண்மையாகவே நடந்த திருட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் ரூபாயும் விழுந்தது. ஓடும் காரின் ஒவ்வோர் உறுப்புக்கும் விலை ஏறியது. மிரரைக் கழற்ற அனுபவமுள்ள கைக்கு ஒரு நிமிடம் போதும், அலாரமும் அடிக்காது. பஞ்சிகாவத்தையில் பல தலைமுறையாக நேர்மையாக உதிரிப்பாகம் விற்கும் கடைகள் இருக்கின்றன. ஆனால் பில் இல்லாமல், எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், பாதி விலையில் ஒரு சோடி மிரர் உங்களுக்குக் கிடைத்தால், அது இன்னொரு குடும்பத்தின் காரிலிருந்து வந்தது. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றம். அந்தக் கள்ளனுக்கு அடுத்த இரவு வேலை கொடுப்பவரும் வாங்குபவர்தான். தயவுசெய்து வாங்காதீர்கள்.

மிரருக்கு நான் சொல்வது, கண்ணாடியின் ஓரத்திலும் பிளாஸ்டிக் மூடியிலும் வண்டி இலக்கத்தை அழியாதபடி பொறித்துவிடுங்கள். இலக்கம் பொறித்த கண்ணாடியை விற்பது கஷ்டம் என்பதால் இருட்டில் டோர்ச் அடித்துப் பார்ப்பவன் பக்கத்துக் காருக்குப் போகலாம். முழு ஒழுங்கையும் பொறித்துவிட்டால் அந்தக் கவலையும் தீரும். உங்கள் தொடர்மாடிக் குழுவில் பேசி ஒரே நாளில் எல்லாருமாகச் செய்துவிடுங்கள். இரவில் இரண்டு மிரரையும் மடித்துவிடுங்கள். இடப் பக்கத்தை மதிலோடு ஒட்டி நிறுத்துங்கள், அந்தப் பக்கத்தில் ஆள் நின்று வேலை செய்ய இடம் இருக்கக்கூடாது. வலப் பக்கம் தெரு விளக்கும் கமராவும் படும்படி இருக்கட்டும். கமராவில் முகம் தெரிகிறதா, வெறும் நிழல் தெரிகிறதா என்று ஒரு இரவில் நீங்களே போய் நின்று பார்த்தால்தான் அதன் பெறுமதி தெரியும்.

ஹைபிரிட் காரின் அடியில் புகைக்குழாயில் உள்ள, புகையின் நச்சைக் குறைக்கும் கட்டலிட்டிக் கன்வேர்டரும் கள்ளர் தேடும் பொருள். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. ஒருநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மெல்லிய கார் திடீரென்று லொறி போல உறுமினால் முதலில் அடியில் பாருங்கள். அதைக் கழற்ற முடியாதபடி கராஜில் இரும்புத் தகடு ஒன்று அடித்துப் போடலாம்.

சரி, பூட்டு. ஸ்டியரிங்கில் குறுக்கே போடும் நல்ல கனமான பூட்டு ஒன்றை வாங்குங்கள். அதை வெட்டிவிடலாம் என்பது உண்மைதான், ஆனால் வெட்ட நேரமும் சத்தமும் வேண்டும். வெளியில் நின்றே தெரிவதால் பலர் கை வைக்காமலே போய்விடுவார்கள். கணினியை ஏமாற்றும் எந்தக் கருவியும் இரும்பை ஏமாற்றாது. இமோபிலைசர், அதாவது சரியான திறப்பு இல்லாமல் ஸ்டார்ட் ஆகவிடாத மின்னணுப் பூட்டு, இல்லாத பழைய மாருதி 800 போன்ற கார்களுக்கு இது அத்தியாவசியம். அமெரிக்காவில் இமோபிலைசர் இல்லாமல் விற்ற கியா, ஹூண்டாய் கார்கள் 2021க்குப் பிறகு கூட்டம் கூட்டமாகக் களவு போனதை உலகமே பார்த்தது. ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு யூஎஸ்பி வயரின் முனையும் போதுமாக இருந்தன.

மின்சாரத்தை வெட்டிக் காரை ஸ்டார்ட் ஆகாமல் செய்யும் மறைவான கட்-ஓஃப் சுவிட்ச் போடுவதானால், ஹைபிரிட்டில் 12 வோல்ட் சின்னப் பற்றரியின் பக்கத்தில் மட்டும், விஷயம் தெரிந்தவர் போட வேண்டும். பெற்றோல் பம்பை மட்டும் வெட்டினால் பெரிய பற்றரியில் கார் கொஞ்சத் தூரம் போய்விடும். செம்மஞ்சள் நிற வயர் எதிலும் யாரும் கை வைக்கக்கூடாது, அதில் ஓடும் மின்சாரம் ஆளைக் கொல்லும்.

ஜிபிஎஸ் கருவி நல்லது. சிம்முக்குக் காசு கட்ட மறந்து, தேவையான நாளில் செத்துக் கிடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பிளின் ஏர்டேக்கை ஒளித்து வைப்பவர்களும் உண்டு. அது பக்கத்தில் போகும் ஐபோன்களை நம்பித்தான் இடத்தைச் சொல்கிறது. அதோடு தெரியாத ஏர்டேக் ஒன்று கூட வருகிறது என்று கள்ளனின் போனுக்கும் எச்சரிக்கை போகலாம். இரண்டாவது துணையாக வைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியை உடைத்துப் பொருள் எடுப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கோ ஆடிவேல் நேரம் பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலுக்கோ போய், நிறுத்திய இடத்தில் டிக்கியைத் திறந்து ஹேண்ட்பேக்கை உள்ளே வைத்துப் பூட்டினால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நாங்களே இடத்தைக் காட்டுகிறோம். டிக்கியில் வைக்க வேண்டியதை வீட்டிலிருந்து கிளம்பும் முன்னமே டிக்கிக்குள் வைத்துவிடுங்கள். கல்கிசைக் கடலில் குளிக்கப் போகும்போது திறப்பை டயருக்கு மேல் ஒளிப்பதை விட்டுவிடுங்கள். குளிக்காத ஒருவர் கரையில் வைத்திருக்கட்டும்.

கார் நிறுத்திய இடத்தில் இல்லை என்றால், லீசிங்கில் உள்ள வண்டி என்றால் கம்பனிக்கு ஓர் அழைப்பு எடுத்து, தவணைக்காகத் தூக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கூடவே 119க்கு அழைத்துவிட்டு, அந்தப் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். செசி இலக்கம், என்ஜின் இலக்கம், பதிவுப் புத்தகம் ஆகியவற்றின் படம் போனில் இருந்தால் அந்தப் பதற்றத்தில் பெரிய உதவி. ஜிபிஎஸ் இடத்தைக் காட்டினால் அதைப் பொலிஸுக்குக் கொடுங்கள், தம்பியையும் கூட்டிக்கொண்டு நீங்களே போக வேண்டாம். கத்தியைக் காட்டித் திறப்பைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள், பிள்ளை உள்ளே இருந்தால் அதை மட்டும் சத்தமாகச் சொல்லுங்கள்.

காப்புறுதிக் கம்பனிக்கு அன்றைக்கே தெரியப்படுத்துங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் களவுக்கு எதுவும் கிடைக்காது. முழுக் காப்புறுதி என்றால் முறைப்பாட்டின் பிரதியோடு காரின் திறப்புகளையும் கேட்பார்கள். ஒரு திறப்புத்தான் இருக்கிறது என்றால் மற்றது எங்கே என்ற கேள்வி வரும். வாங்கிய உடனே இல்லாத திறப்பை அழித்ததற்கு நீங்கள் எடுத்து வைத்த பில் அப்போது தேவைப்படும். அதைக் காருக்குள் வைக்காமல் வீட்டில் வையுங்கள்.